பூட்டு யாருடையது என்று பார்க்காமல் சாவி தேடாதீர்கள்

ஹெவி மெட்டல் குழு ஒன்று மின்கிட்டார்களை ஓரமாக வைத்துவிட்டு அக்கூஸ்டிக் கிட்டார்களுடன் மேடையேறுவது அடிக்கடி நடப்பதல்ல. மெட்டாலிகா குழு 2018 நவம்பர் 3 அன்று சான் பிரான்சிஸ்கோவின் மேசோனிக் அரங்கில் அப்படியொரு கச்சேரி நடத்தியது. பெருந்தொற்றுக் காலத்தில், 2020 நவம்பர் 14 அன்று, தன் தலைமையகத்திலிருந்தே 'லைவ் அண்ட் அக்கூஸ்டிக்' என்ற பெயரில் கட்டண நேரலை ஒன்றை வழங்கியது. இரண்டும் அக்குழுவின் அறக்கட்டளைக்கு நிதி திரட்டியவை. இத்தகைய நிகழ்ச்சிகளை இந்தியாவிலிருந்து பார்க்க முயலும் ரசிகர், 'உங்கள் பகுதியில் இந்தக் காணொளி கிடைக்காது' என்ற கறுப்புத் திரையைக் கண்டதும் செய்யும் முதல் காரியம், வேறு நாட்டிலிருந்து இணைவதுபோல் காட்டும் ஒரு வி.பி.என். செயலியைத் தேடுவதுதான். முதல் தவறும் அதுவே.

தேடுவதற்கு முன் அந்தப் பூட்டைப் போட்டது யார் என்று பார்க்க வேண்டும். ஒரு கச்சேரிக் காணொளியில் பாடலை இயற்றியவருக்கு ஓர் உரிமை, பதிவு செய்த நிறுவனத்துக்கு ஓர் உரிமை, ஒளிபரப்புபவருக்கு ஓர் உரிமை எனப் பல அடுக்குகள் உள்ளன. இவை நாடுவாரியாகத் தனித்தனியே விற்கப்படுகின்றன. எனவே குழு விரும்பினாலும் திறக்க முடியாத கதவுகள் உண்டு. ஜெர்மனியில் இசை உரிமைச் சங்கமான கெமாவுக்கும் யூடியூபுக்கும் ராயல்டி தொகை குறித்து 2009-இல் மூண்ட தகராறு 2016 நவம்பரில்தான் தீர்ந்தது. அதுவரை, உலகின் மெட்டல் தலைநகரங்களில் ஒன்றான அந்நாட்டின் ரசிகர்களே எண்ணற்ற அதிகாரபூர்வ இசைக் காணொளிகளைப் பார்க்க முடியாமல் இருந்தார்கள். பிரிட்டனின் பி.பி.சி. நிறுவனத்தின் இணையவழிக் காணொளிச் சேவையான ஐபிளேயரோ வேறு வகை: அதற்கு அந்நாட்டில் இருப்பதோடு தொலைக்காட்சி உரிமக் கட்டணமும் செலுத்தியிருக்க வேண்டும். இந்த வேறுபாடுகளை அறியாமல் கருத்துப் பெட்டியில் பாடகரைத் திட்டுவது வீண் வேலை. குழுவின் சொந்தத் தளம் அல்லது சேனலில் அதே நிகழ்ச்சி நம் நாட்டுக்குத் திறந்திருக்கிறதா என்று ஐந்து நிமிடம் தேடினால், பல நேரங்களில் சாவியே தேவைப்படாது.

அடுத்த தவறு, எல்லாத் தடைகளும் இணையத்தில் நம் இணைப்பை அடையாளம் காட்டும் ஐ.பி. முகவரியை மட்டுமே பார்க்கின்றன என்று நம்புவது. கணக்குத் தொடங்கிய நாடு, பணம் செலுத்தும் அட்டையின் முகவரி, செயலி இறக்கிய கடையின் நாடு, கைபேசியின் இருப்பிட அனுமதி ஆகியவற்றில் எதை வேண்டுமானாலும் ஒரு சேவை சரிபார்க்கலாம், வி.பி.என். மாற்றுவது ஐ.பி. முகவரியை மட்டுமே. அதையும் முழுமையாக மாற்றும் என்பதற்கு உறுதியில்லை. நம் கைபேசி இணைப்புகளில் ஐ.பி.வி.6 என்ற புதுவகை முகவரி பரவலாக இருக்கிறது. பழைய வகையான ஐ.பி.வி.4-ஐ மட்டும் வி.பி.என். சுரங்கவழியில் அனுப்பும் செயலியைப் பயன்படுத்தினால், ஒரு வாசலில் பிராங்பர்ட்டும் இன்னொரு வாசலில் மதுரையும் தெரியும். தளம் தடுத்ததும் 'இந்த சர்வர் சரியில்லை' என்று பத்து நாடுகளை மாற்றிப் பார்ப்பவர், கசிவு தன் பக்கம் இருப்பதைக் கவனிப்பதில்லை. தவிர, வி.பி.என். சர்வர்கள் பெரும்பாலும் இருக்கும் தரவு மையங்களுக்குரிய முகவரிகளைப் பெரிய ஒளியோடைத் தளங்கள் மொத்தமாகவே தடுத்து வைக்கின்றன.

இலவச வி.பி.என். பற்றி ஒரு வார்த்தை. ஹோலா என்ற புகழ்பெற்ற இலவசச் சேவை, தன் பயனர்களின் இணைய இணைப்பையே பிறருக்கு விலைக்கு விட்டு வந்தது 2015-இல் வெளிச்சத்துக்கு வந்தது. உங்கள் வீட்டு முகவரியிலிருந்து யாரோ ஒருவர் எதையோ செய்யலாம், கேள்வி உங்களிடம்தான் வரும். வி.பி.என். பயன்படுத்துவது இந்தியாவில் பொதுவாகக் குற்றமல்ல. ஆயினும் பல சேவைகளின் விதிமுறைகள் அதைத் தடை செய்கின்றன, கணக்கை முடக்கினால் செலுத்திய பணம் திரும்பாமல் போகலாம் என்பதை ஏற்றுக்கொண்டே அதில் இறங்க வேண்டும்.

இதைவிடச் சாதாரணமான இரண்டு தவறுகள் அதிகம் பேரைக் கவிழ்க்கின்றன. ரிசர்வ் வங்கியின் விதிப்படி 2020 அக்டோபர் முதல் புதிதாக வழங்கப்படும் அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை தானாகத் திறந்திருக்காது. வங்கிச் செயலியில் நாமே திறந்துவிட வேண்டும். நேரலை தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது அட்டை மறுக்கப்படுவதற்கு வழக்கமான காரணம் இதுதான். இரண்டாவது, நேரம். கலிபோர்னியாவில் பிற்பகல் 2 மணி என்பது கோடையில் நமக்கு மறுநாள் அதிகாலை 2.30, குளிர்காலத்தில் 3.30. அவர்கள் ஆண்டுக்கு இருமுறை கடிகாரத்தைத் திருப்புகிறார்கள், நாம் திருப்புவதில்லை. தேதியும் மாறிவிடுகிறது என்பதை மறந்து, சனிக்கிழமைக் கச்சேரிக்கு வெள்ளி நள்ளிரவெல்லாம் கண்விழித்துக் காத்திருந்த அனுபவம் எனக்கு உண்டு. அன்று போட்ட காப்பி மட்டும் நன்றாக இருந்தது.

இவை எதுவும் சரிவராதபோது திருட்டுப் பதிவை நாடுவது எளிது. ஆனால் அறக்கட்டளைக்கான கச்சேரியைத் திருடிப் பார்ப்பது மற்றவற்றைவிட ஒரு படி கீழானது என்பது என் கருத்து. மேசோனிக் கச்சேரியின் ஒலிப்பதிவு 2019-இல் முறையாக வெளியாகிவிட்டது. காத்திருந்தவர்களுக்கு நல்ல தரத்தில் கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து வட்டு வரவழைப்பவர்கள், அது எந்தப் பகுதியின் கருவியில் ஓடும் என்று காட்டும் வட்டாரக் குறியைப் பார்க்க வேண்டும்: டி.வி.டி.யில் இந்தியா 5-ஆம் வட்டாரம், அமெரிக்கா 1. புளூ-ரேயில் நமக்கு 'சி', அவர்களுக்கு 'ஏ'.

இத்தனை பாடுபட்டுத் திறந்த பிறகு, மடிக்கணினியின் மெல்லிய ஒலிபெருக்கியில் கேட்டு, 'என்னடா, உப்புச் சப்பில்லாமல் இருக்கிறதே' என்று பாதியில் எழுந்துபோவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. மெட்டலின் 'பவர் கார்ட்' என்ற சுரக்கூட்டில் பெரும்பாலும் இரண்டே சுரங்கள்: நம் முறையில் சொன்னால் ஸ-வும் ப-வும். அவற்றை ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் வழியாகச் செலுத்தும்போது இரண்டின் அதிர்வெண் வித்தியாசத்திலிருந்து கீழ்ஸ்தாயி ஸ ஒன்று தானாகப் பிறக்கிறது. ஒலி அழுத்தப்பட்டு நெடுநேரம் நிற்கிறது. அந்த 'கனம்' பெருமளவு அங்கிருந்து வருவது. அக்கூஸ்டிக் கிட்டாரில் அதே இரு சுரங்களை மீட்டினால் வெற்றுக் குடத்தைத் தட்டியது போலிருக்கும், சில நொடிகளில் கரைந்தும் போகும். எனவே தேர்ந்த குழுக்கள் வேகத்தைக் குறைக்கின்றன, காந்தாரத்தைச் சேர்த்துச் சுரக்கூட்டை நிரப்புகின்றன, மேசோனிக்கில் செய்ததுபோல் பெடல் ஸ்டீல் கிட்டார், விசைப்பலகை, தாளக்கருவி வாசிப்பவர்களைத் துணைக்கு அழைக்கின்றன. இந்த மாற்றங்களைக் கேட்க ஓரளவு நல்ல ஹெட்போன் போதும். கம்பிவழி இணைக்கும் ஹெட்போனாக இருந்தால் இன்னும் நல்லது.

இத்தகைய அக்கூஸ்டிக் கச்சேரிகளை 'அன்பிளக்ட்' என்று அழைப்பதால் அங்கே மின்சாரமே இல்லை என்று எண்ணுவதும் பிழை. கிட்டாரில் கம்பிகளைத் தாங்கும் பாலத்துக்கு அடியில், அதிர்வை மின்சமிக்ஞையாக மாற்றும் பிக்கப் இருக்கும், கலவை மேசை இருக்கும். ஒளிபரப்பானது திருத்திய வடிவமாகவும் இருக்கலாம். ஆலிஸ் இன் செயின்ஸ் குழு 1996 ஏப்ரல் 10 அன்று புரூக்ளினில் எம்.டி.வி.க்காக வாசித்தபோது, நெடுநாள் மேடையேறாதிருந்த அதன் பாடகர் லேன் ஸ்டேலி வரிகளில் தடுமாறி, பாடலை நிறுத்தி மீண்டும் தொடங்க நேர்ந்தது. இத்தகைய தடுமாற்றங்களைத் திருத்தத்தில் நீக்கிவிட முடியும்.

மேசோனிக் கச்சேரி 'டிஸ்போசபிள் ஹீரோஸ்' என்ற பாடலுடன் தொடங்குகிறது. 1986-இல் அது எட்டு நிமிட மின்னல் வேகப் பாடல். முதலில் அந்தப் பழைய பதிவை ஒருமுறை கேட்டுவிட்டு, பிறகு இதைப் போடுங்கள்.