வரப்பில் பச்சையாக இருப்பதெல்லாம் கீரை அல்ல

மேட்டூர்த் தண்ணீர் வந்து வாய்க்கால்கள் நனைந்த சில வாரங்களில் டெல்டாவில் விதைக்காமலே ஒரு விளைச்சல் தொடங்கிவிடும். ஆரை, வள்ளை, பொன்னாங்கண்ணி, வல்லாரை என்று வயலும் கரையும் பச்சை கட்டும். மறந்துபோன இந்தக் கீரைகளை இன்றைய பிள்ளைகள் தேடி வருவதில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. ஆனால் செடியின் பெயரைத் தெரிந்துகொண்டு பக்குவத்தை விட்டுவிடுகிறார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

பூவை வைத்து அடையாளம் காண்பது பெரிய தவறு. வள்ளைக்கீரைப் பூவும் நெய்வேலிக் காட்டாமணக்குப் பூவும் புனல் வடிவத்தில், வெளிர் ஊதா கலந்த இளஞ்சிவப்பில் இருக்கும். முன்னது மலேசியாவில் கங்கோங் என்ற பெயரில் தினமும் சட்டியில் வதங்கும் கீரை. பின்னது தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் வடிகால்களை அடைத்துக்கொண்டிருக்கும் நச்சுச் செடி. தொடர்ந்து மேயும் ஆடுகளுக்கு நரம்புத் தளர்ச்சி வந்து கால் தள்ளாடும். என் அத்தை பூவைப் பார்க்கவே மாட்டார். தண்டைப் பிடிப்பார். நீரில் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் விட்டு, ஒடித்தால் உள்ளே குழலாக இருந்து, இலை ஈட்டி முனைபோல நீண்டிருந்தால் வள்ளை. கட்டைத் தண்டோடு ஆள் உயரம் நிமிர்ந்து நின்றால் அதன் பக்கமே போகமாட்டார். வள்ளையையும் பச்சையாகத் தின்னக் கூடாது. நீரில் வளரும் கீரையோடு குடற்புழுவும் வரும். சாக்கடை கலக்கும் வாய்க்காலில் பறிக்கவே வேண்டாம்.

பக்குவத்தை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆரையின் உறவுச் செடி ஒன்று சாட்சி. நம் வயலில் நாலு இலையாக விரியும் ஆரை, பூக்காத பெரணி இனம். அதே இனத்தைச் சேர்ந்த நார்டூ ஆஸ்திரேலியாவின் உள்நாட்டில் வளர்கிறது. அங்கே கூப்பர் ஓடைக்கரையில் வாழ்ந்த யான்ட்ருவாந்தா மக்கள் அதன் வித்துக்காயை வறுத்து, அரைத்து, நீரில் அலசி உண்டார்கள். 1861இல் அங்கே உணவின்றித் தவித்த பர்க், வில்ஸ் என்ற இரு பயணிகள் காயை எடுத்துக்கொண்டார்கள், பக்குவத்தை முழுதாகக் கற்கவில்லை. வயிறு நிரம்பியும் உடல் தேய்ந்து இறந்தார்கள். அந்தக் காயில் உள்ள நொதி வைட்டமின் பி1ஐ அழிப்பதும் ஒரு காரணம் என்று பிற்கால ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உடன் வந்த கிங் அந்த மக்களோடு தங்கி உயிர் பிழைத்தார். நாமும் ஆரையைப் பச்சையாக மென்று தின்பதில்லை. ஆய்ந்து, பருப்போடு வேகவைத்து, எப்போதாவது ஒரு நாள் கூட்டாக உண்கிறோம். அந்த அளவும் பக்குவத்தில் சேர்ந்ததுதான். மூன்று இலையோடு புளிக்கும் புளியாரை வேறு செடி, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பிடிகருணையைத் தோண்டிய அன்றே சமைப்பது இன்னொரு தவறு. அதிலும் சேம்பிலும் ஊசி ஊசியாக இருக்கும் ஆக்சலேட் படிகங்கள்தான் தொண்டையைப் பிடுங்குகின்றன. கிழங்கைச் சில வாரம் பரணில் போட்டு, அரிசி களைந்த நீரில் வேகவைத்துப் புளி சேர்ப்பது நம் வழக்கம். ஹவாய்த் தீவினரும் சேம்பை நன்றாக வேகவைத்த பிறகே இடித்து, ‘போய்’ (poi) என்ற களியாக்குகிறார்கள். சேம்பு இலையைப் பச்சையாக அரைத்துச் சாறு குடிக்கச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

இன்று எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது களைக்கொல்லியை. நம் கண்ணுக்குக் கீரையான ஆரை, நெல்லுக்குக் களை. நடவு முடிந்த சில நாட்களில் மருந்து விழுந்துவிடுகிறது. அது விழுந்த சுவடு இலையில் உடனே தெரியாது. அதனால் வயல்காரரிடம் எப்போது, என்ன அடித்தீர்கள் என்று கேட்காமல் கூடையை இறக்காதீர்கள். அவர் தயங்கினால், எவ்வளவு தளதளவென்று இருந்தாலும் விட்டுவிட்டு, வீட்டுக் கொல்லையில் குளியல் தண்ணீர் பாயாத ஈர மூலையில் நாலு கொடி பொன்னாங்கண்ணியைக் கிள்ளி நடுங்கள். வேர் பிடித்துவிடும்.