திறந்தநிலைப் பள்ளியில் பிளஸ் டூ கணக்கு: நான் விழுந்த குழிகள்

சென்ற வாரம் ஒரு தம்பி தங்கச்சிமடத்திலிருந்து பஸ் ஏறி மண்டபத்துக்கு வந்திருந்தான். என்.ஐ.ஓ.எஸ். என்கிற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பிளஸ் டூ படிக்கிறான். கணக்குப் பாடம், எண் 311. அசைன்மெண்டை முடித்துவிட்டதாகச் சொல்லி நீட்டினான். முத்து முத்தான கையெழுத்து, ஓர் அடித்தல்கூட இல்லை. அதுதான் சந்தேகம். நடுவில் ஒரு வரியில் விரலை வைத்து, "இது எப்படிடா வந்துச்சு?" என்றேன்.

"கடையில வாங்கினதுல அப்படித்தான்ணே போட்டிருந்துச்சு."

பத்து வருடத்துக்கு முன்னால், ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதிக்கொண்டே நானும் இதே பாடத்தை இதே லட்சணத்தில்தான் படித்தேன். கட்டணத் தேதியைத் தவறவிடுவது, ஹால் டிக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போவது இதையெல்லாம் நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. மற்றதைச் சொல்கிறேன்.

அசைன்மெண்டை விலைக்கு வாங்குவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. டி.எம்.ஏ. என்கிற, வீட்டில் எழுதிக் கொடுத்து ஆசிரியர் திருத்தும் இந்த அசைன்மெண்டுக்கு மொத்த மதிப்பெண்ணில் 20 சதவீதம். ஜெராக்ஸ் கடையில் விடையோடு தயாராகக் கிடைக்கும். நான் 150 ரூபாய் கொடுத்து வாங்கி, ஒரே ராத்திரியில் பார்த்து எழுதினேன். நல்ல மதிப்பெண்ணும் வந்துவிட்டது. சனியன் பிடித்தது அங்கேதான்.

அதில் ஒரு வரையறுத்த தொகையீடு. மேலே இரண்டு எக்ஸ், கீழே ஒன்று கூட்டல் எக்ஸ் வர்க்கம். 0 முதல் 1 வரை தொகையிட வேண்டும். கீழே இருப்பதை யூ என்று வைத்தால் மேலே இருப்பது அதன் வகைக்கெழு. ஆகவே லாக் யூ. அந்த இடத்தில் எல்லைகள் 1, 2 என்று மாறியிருந்தன. கை எழுதியது, கண் பார்க்கவில்லை.

தேர்வில் அதே மாதிரி ஒன்று வந்தது. லாக் யூ வரைக்கும் சரியாகப் போனேன். அப்புறம் பழைய 0, 1 இரண்டையும் அப்படியே போட்டேன். லாக் 1 கழித்தல் லாக் 0. லாக் 0 என்று ஒன்று கிடையாதே! அடித்தேன், முதலிலிருந்து எழுதினேன், மறுபடியும் லாக் 0. கால் மணி நேரம் அதிலேயே போயிற்று. எக்ஸ் 0 என்றால் யூ 1, எக்ஸ் 1 என்றால் யூ 2, விடை லாக் 2. இது எனக்கு உறைத்தது ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது. தேர்ச்சிக்கு 33 சதவீதம் போதும்; அதற்கே நான்கு மதிப்பெண் குறைந்தது. ஆறு மாதம் போச்சு.

பள்ளிக்கூடத்தில் என்றால் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தி வைத்துத் தவறைப் பிடிப்பார்கள். தொலைநிலையில் நாம் போட்ட கணக்கை இன்னொருவர் திருத்துகிற இடம் கிட்டத்தட்ட இது ஒன்றுதான். வாங்கின விடையைக் கொடுத்தால், திருத்தி வருவது கடைக்காரர் கணக்கு. தப்பும் தவறுமாகவே எழுதிக் கொடுங்கள். 20க்கு 11 வரட்டும். எந்த வரியில் மதிப்பெண் போனது என்று பார்த்து, அந்தக் கணக்கை மட்டும் மறுபடி போடுங்கள்.

இப்போது பாடங்களையே அசைன்மெண்டுக்கு ஒரு பங்கு, பொதுத் தேர்வுக்கு ஒரு பங்கு என்று பிரித்துவிட்டார்கள். "இது அசைன்மெண்ட் பாடம்தானே, தேர்வில் வராது" என்று இன்னும் தைரியமாக வாங்குகிறார்கள். கணக்கில் அப்படிக் கத்தரித்து எடுக்க முடியுமா? சார்பு தெரியாதவனுக்கு வகையிடல் எப்படி வரும்?

'அஞ்சு வருஷம் இருக்குல்ல'

பதிவு ஐந்து ஆண்டு செல்லும், ஒன்பது முறை எழுதலாம். ஒத்திப்போட்டே ஒன்பதையும் தீர்த்தவர்கள் இருக்கிறார்கள்.

கடலைப் பார்க்காமல் தேர்வைத் தேர்ந்தெடுப்பது

ஏப்ரல்-மேயில் ஒரு தேர்வு, அக்டோபர்-நவம்பரில் ஒன்று. விசைப்படகு வீட்டுப் பிள்ளை என்றால் முதலாவதே வசதி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், படகு கடலுக்குப் போகாது. ஆனால் படகைக் கரையேற்றி மராமத்து பார்க்கக் கூப்பிடுவார்கள். கனமான பாடங்களை மார்ச்சுக்குள் முடித்துவிட வேண்டும். அக்டோபர் பிறந்தால் இங்கே வடகிழக்குப் பருவமழை. கரண்ட் போனால் செல்போன் வகுப்பும் போகும். நாட்டுப்படகுக்குத் தடைக்காலம் இல்லை, அந்த வீட்டுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது.

வீடியோ

பாட வீடியோவைக் கையில் பேனா இல்லாமல் பார்க்காதீர்கள்.

பத்தாம் வகுப்பு இயற்கணிதம்

காரணிப்படுத்தலில் தடுமாறினால் திரும்பிப் போங்கள். வெட்கம் வேண்டாம்.

ஆங்கிலப் புத்தகத்தோடு மட்டும் முட்டுவது

தமிழ் வழியில் பத்தாவது முடித்தவர்களுக்குப் பாதிச் சிக்கல் சொல்லில்தான். தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் 11, 12ஆம் வகுப்புக் கணிதப் புத்தகங்கள் இரண்டு மொழியிலும் இணையத்தில் இலவசம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, இன்டெக்ரேஷன் என்றால் தொகையிடல், டெரிவேட்டிவ் என்றால் வகைக்கெழு என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வாருங்கள். பாட வரிசை ஒன்றாக இருக்காது. தேடித்தான் எடுக்க வேண்டும்.

என் பழைய நோட்டைத் தம்பியிடம் கொடுத்தனுப்பினேன். அந்த அழகான அசைன்மெண்ட் இங்கே என்னிடம்தான் இருக்கிறது. கடைசித் தேதிக்கு இன்னும் 12 நாள் இருக்கிறது, எழுதட்டும்.