பழைய மாளிகையில் தரைப்பலகை எடுக்கும்போது தொல்லியல் கண்காணிப்பு: முதல் முறை போகிறவர்களுக்கு

இங்கிலாந்தில் பாதுகாக்கப்பட்ட பழைய மாளிகையில் கூரை மாற்றினாலும் புது வயர் இழுத்தாலும், தொல்லியலாளர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும் என்று அனுமதி ஆணையில் பல நேரம் நிபந்தனை போடுவார்கள். இந்த வேலைக்கு வாட்சிங் பிரீஃப் என்று பெயர். அகழாய்வு மாதிரி நமக்குப் பிடித்த இடத்தில் தோண்ட முடியாது. தச்சர் எங்கே திறக்கிறாரோ அங்கே நாம் நிற்க வேண்டும், அவ்வளவுதான். தோட்டத்தில் குழாய்ப் பள்ளம் தோண்டினால் தோண்டும் இயந்திரத்தில் பல் இல்லாத பக்கெட்டை மாட்டச் சொல்லுங்கள்; அதற்கு மேல் பள்ளத்தைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை. இது தரைப்பலகைக்கு அடியில் கிடக்கும் குப்பையைப் பற்றிய பதிவு.

குப்பைக்கு ஏன் இவ்வளவு மரியாதை? நார்ஃபோக்கில் ஆக்ஸ்பரோ ஹால் என்ற 15ஆம் நூற்றாண்டு மாளிகை இருக்கிறது. 2020இல் கூரை வேலைக்காக அதன் பரண் தளத்துப் பலகைகளை எடுத்தபோது எலிக்கூடுகள் கிடைத்தன. எலிகள் இழுத்துச் சேர்த்த பழந்துணித் துண்டுகள் அவற்றில் இருந்தன. பைபிளின் சங்கீதப் பகுதி எழுதிய 15ஆம் நூற்றாண்டுக் கையெழுத்து ஏட்டின் கிழிசல் ஒன்றும், இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் காலி சாக்லேட் பெட்டியும்கூட அந்தத் தளத்தில் கிடைத்தன.

1. உள்ளே போகும் முன்

ஆஸ்பெஸ்டாஸ் அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். ஈயத் தூசியும் எலிப்புழுக்கையும் இருக்கும் என்பதால் நல்ல முகக்கவசம் கட்டாயம். ஏதாவது கிடைத்தால் வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் மேஸ்திரியோடு ஒரு டீ குடியுங்கள். பலகையைப் பெயர்ப்பதற்கு முன் அவர் உங்களைக் கூப்பிடுவாரா மாட்டாரா என்பது பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

2. எண் போடுவது

என்னை நிறையக் குழப்பியது இந்தப் படிதான். பலகைகளுக்கு எண் போட்டால் போதும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் பலகை ஒரு திசையில் ஓடுகிறது, அதைத் தாங்கும் உத்திரங்கள் அதற்குக் குறுக்கே ஓடுகின்றன. ஒரே பலகைக்குக் கீழே ஏழெட்டு இடைவெளிகள் இருக்கலாம். ‘12ஆம் பலகைக்கு அடியில் ஊசி’ என்று எழுதி வைத்தால், அது கணப்படுப்புப் பக்கமா ஜன்னல் பக்கமா என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது.

அதனால் எண் இரண்டு வேண்டும். உத்திர இடைவெளிகளை ஒரு சுவரிலிருந்து வரிசையாக எண்ணுங்கள். பிறகு அந்த இடைவெளிக்குள், குறிப்பிட்ட ஒரு சுவரிலிருந்து எத்தனை மீட்டர் என்று அளந்து எழுதுங்கள். பலகைக்கும் தனி எண் வேண்டும், ஆனால் அது தச்சர் திரும்பப் பொருத்துவதற்காக. அதை அடிப்பக்கத்தில் சாக்பீஸால் எழுதலாம். பழைய தச்சர்கள் போட்ட ரோமன் எண்கள் அங்கே இருக்கக்கூடும், எனவே முதலில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். ஒட்டும் டேப் வேண்டவே வேண்டாம், மேற்பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வரும்.

3. டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள்

நேராக அடிக்கும் வெளிச்சத்தில் கீறல் தெரியாது. கென்ட் மாவட்டத்து நோல் மாளிகையில், முதலாம் ஜேம்ஸ் மன்னர் தங்குவதற்கென்று தயாரித்த அறையின் பலகைகளுக்கு அடியிலும் கணப்படுப்பைச் சுற்றியும் தீய சக்திகளை விரட்டப் போட்ட கீறல்களை 2014இல் கண்டுபிடித்தார்கள். மரவளையக் கணிப்புப்படி அந்த மரங்கள் 1605-06 குளிர்காலத்தில் வெட்டப்பட்டவை, அதாவது மன்னரையும் நாடாளுமன்றத்தையும் தகர்க்கப் போட்ட வெடிமருந்துச் சதி பிடிபட்ட அதே குளிர்காலம். உத்திரத்தின் பக்கவாட்டையும் மறக்காமல் பாருங்கள்.

4. அள்ளுவது

வேக்குவம் கிளீனரைப் பக்கத்திலேயே விடாதீர்கள். சின்ன பிரஷ், முறம், இடைவெளிக்கு ஒரு பை போதும். சலிப்பதைப் பிறகு வெளியே வைத்துக்கொள்ளலாம். பதிவுக்கு டேப்லெட் என்பார்கள். கையுறையும் தூசியுமாக அதில் எழுதிப் பாருங்கள், தெரியும். என் ஓட்டு பென்சிலுக்கும் பெர்மாட்ரேஸ் என்ற பிளாஸ்டிக் வரைதாளுக்கும்தான்.

காகிதம் கிடைத்தால் மடிப்பைப் பிரிக்காமல் அப்படியே பெட்டியில் வைத்து, பழம்பொருள் பாதுகாப்பு நிபுணரைக் கூப்பிடுங்கள். நோலில் கிடைத்த 1633ஆம் ஆண்டுக் கடிதம் ஒன்று மீன், இரண்டு டஜன் பியூட்டர் (வெள்ளீயக் கலவை) கரண்டி, குழந்தைகள் அறைக்கு நெருப்பு அள்ளும் கரண்டி எல்லாம் அனுப்பச் சொல்கிறது. சாதாரண வீட்டுச் சாமான் பட்டியல்தான், ஆனால் அவசரப்பட்டு விரித்திருந்தால் அதுவும் மிஞ்சியிருக்காது.

5. எழுதி முடிப்பது

ஒன்றுமே இல்லாத இடைவெளிக்கும் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதுங்கள். இல்லையென்றால் நீங்கள் பார்க்கவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். 300 ஆண்டுக்கு மேற்பட்ட தங்க, வெள்ளிப் பொருள் கிடைத்தால் 14 நாட்களுக்குள் கரோனருக்கு (புதையல்களையும் விசாரிக்கும் அதிகாரி) தெரிவிக்க வேண்டும், அது சட்டம்.

பின்சேர்க்கை: ‘ஒரே இடைவெளி அடுத்த அறையிலும் தொடர்கிறது, இரண்டு எண் வந்துவிட்டது, என்ன செய்ய?’ என்று ஒருவர் கேட்டிருந்தார். நடுவில் இருக்கும் தடுப்புச்சுவர் பல வீடுகளில் தளத்துக்குப் பிறகு வந்தது. அதனால் அறைவாரியாக எண்ணாமல் மாடிக்கு ஒரே வரிசையாக எண்ணுங்கள். ஏற்கெனவே இரண்டு எண் போட்டாகிவிட்டது என்றால் எதையும் அழிக்க வேண்டாம். வரைபடத்தின் ஓரத்தில் இதுவும் அதுவும் ஒன்று என்று குறித்துத் தேதி போட்டால் சரி.