சார்வோலையால் நிறமூர்த்த மாற்றங்களைச் செய்துகாட்டும் முறை

உயர்தர உயிரியல் மாணவர்களுக்கு, கலத்தில் பரம்பரையலகுகளை (ஜீன்களை) தாங்கும் இழைகளான நிறமூர்த்தங்களில் நேரும் மாற்றங்களை நான் பல ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்தே விளக்கி வந்தேன். பெயர்களை மனனஞ் செய்து பரீட்சையில் எழுதிவிடுவார்கள். ஆனால் 46 நிறமூர்த்தங்கள் இருக்கவேண்டிய மனிதரில் ஒருவர் 45 உடன் எவ்வாறு சுகமாக வாழமுடியும் என்று கேட்டால் விழிப்பார்கள். பெட்டி இழைப்பதற்காகச் சாயமிட்ட பனஞ் சார்வோலையை மேசையில் பரப்பி வெட்டி ஒட்டிக் காட்டத் தொடங்கிய பின்னரே அதற்கான விடை அவர்கள் வாயிலிருந்து வந்தது. முதலில் கம்பளி நூலில் முயன்றேன், அது சிக்கலாயிற்று. ஓலையோ விறைப்பாகக் கிடக்கும், வெட்டிய இடமும் தெளிவாகத் தெரியும்.

சத்தகம் என்னும் சிறு கத்தியால் ஒரு விரல் அகலத்துக்கு ஓலையை வார்ந்து, சிவப்பில் 22 சென்ரிமீற்றர் நீளமாக இரண்டும் பச்சையில் 10 சென்ரிமீற்றர் நீளமாக இரண்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு 14ஆம் நிறமூர்த்தம், பச்சை 21ஆம் நிறமூர்த்தம். முன்னதில் டீஎன்ஏயின் படிகளான மூலச் சோடிகள் 10 கோடிக்குச் சற்று மேலாகவும் பின்னதில் 5 கோடிக்குச் சற்றுக் குறைவாகவும் இருப்பதால் இந்த அளவு ஏறத்தாழப் பொருந்தும். ஒவ்வோர் ஓலையிலும் ஒரு நுனியிலிருந்து ஒரு விரற்கடை தள்ளி வெள்ளை நூலைக் கட்டுங்கள், அது மையப்பாத்து: கலம் பிரியும்போது நிறமூர்த்தம் பிடித்து இழுக்கப்படும் இடம். அதன் இருபுறமும் உள்ளவை குட்டைப் புயமும் நீண்ட புயமும். ஓலையை இலேசாக ஈரப்படுத்தினால் போதும், ஊறவிட்டால் சாயம் கையெல்லாம் பிடித்துக்கொள்ளும்.

இப்போது ஒரு சிவப்பையும் ஒரு பச்சையையும் நூலருகே வெட்டி, நீண்ட துண்டுகள் இரண்டையும் ஒன்றாக ஒட்டுங்கள். கதிர்வீச்சாலோ சில இரசாயனங்களாலோ டீஎன்ஏயின் இரு இழைகளும் ஒருங்கே அறும்போது கலம் அவசரமாகப் பழுதுபார்க்க முனைந்து, அருகில் கிடக்கும் வேறொரு முனையைப் பொருத்திவிடுவதுண்டு. ஒத்த வரிசைகள் பல இடங்களில் திரும்பத் திரும்ப அமைந்திருப்பதும், விந்தும் முட்டையும் உண்டாகும் ஒடுக்கற்பிரிவின்போது தவறான இடங்கள் சோடிசேரக் காரணமாகின்றது. 13, 14, 15, 21, 22 ஆகியவற்றின் குட்டைப் புயங்கள் கருவினுள் இருக்கும் புன்கருவில் நெருங்கிக் கிடப்பதால் அவற்றுக்கிடையே இத்தகைய ஒட்டு அடிக்கடி நேர்கின்றது. ஏறத்தாழ 1000 பேரில் ஒருவர் இவ்வகை இணைப்பொன்றைத் தாங்கியிருக்கிறார். வெட்டியெறிந்த குட்டைத் துண்டுகள் தொலைந்தாலும் தீங்கில்லை. அவற்றிலுள்ள பரம்பரையலகுகள் ஏனைய 8 நிறமூர்த்தங்களின் குட்டைப் புயங்களிலும் உள்ளன. 45 உடன் ஒருவர் சுகமாயிருப்பது இதனால்தான்.

அடுத்த படியை அவசரப்படாமல் செய்யவேண்டும். மேசையில் ஒரு சிவப்பு, ஒரு பச்சை, ஓர் ஒட்டு என மூன்று ஓலைகள் உள்ளன. இவற்றை இரு கைகளுக்கும் பங்கிடுமாறு மாணவரிடம் சொல்லுங்கள்; மூன்று விதமாகப் பங்கிடலாம், ஆகவே புணரிகள், அதாவது விந்துகள் அல்லது முட்டைகள், ஆறு வகைப்படும். ஒவ்வொன்றுடனும் மற்றப் பெற்றோரின் ஒரு சிவப்பையும் ஒரு பச்சையையும் சேர்த்து எண்ணச் செய்யுங்கள். ஒன்று இயல்பானது, ஒன்று பெற்றோரைப் போலவே ஒட்டைத் தாங்குவது, ஒட்டும் பச்சையும் ஒரே கையில் வந்தால் 21ஆம் நிறமூர்த்தத்தின் நீண்ட புயம் மூன்று பிரதிகளாகி டவுன் கூட்டறிகுறி உண்டாகும், மீதி மூன்றும் பெரும்பாலும் கருவிலேயே கலைந்துவிடும். ஆறில் ஒன்று என்று பிள்ளைகள் உடனே கணக்குச் சொல்வார்கள், அதை அப்படியே விட்டுவிடாதீர்கள்: தாய் தாங்கியாயின் டவுன் கூட்டறிகுறியுடன் பிள்ளை பிறக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 10 முதல் 15 வரை, தந்தை தாங்கியாயின் நூற்றுக்கு ஒன்று அளவே.

அடுத்தடுத்துக் கரு கலைந்தால் நம்மூரில் பழி பெண்ணின் தலையில்தான் விழுகிறது. அத்தகைய தம்பதியரில் நூற்றுக்கு 2 முதல் 5 சோடிகளில் இருவருள் ஒருவர் முக்கியமான பகுதி எதுவும் கூடாமல் குறையாமல் இடம் மட்டும் மாறிய இப்படியான சமநிலை மாற்றத்தைத் தாங்கியிருப்பார். அது கணவனாகவும் இருக்கலாம், எனவே இரத்தப் பரிசோதனை இருவருக்கும் வேண்டும்.

புணரிகளை உண்டாக்காத உடற்கலத்தில் நேரும் ஒட்டுப் பிள்ளைகளுக்குக் கடத்தப்படுவதில்லை. அது அந்த உடலையே தாக்கும். ஒருவகை நாட்பட்ட வெண்குருதிப் புற்றுநோயில் 9ஆம், 22ஆம் நிறமூர்த்தங்கள் துண்டு மாற்றிக்கொண்டிருப்பதை 1973இல் அமெரிக்க மரபியலாளர் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த ஒட்டிலிருந்து பிறக்கும் புரதத்தைத் தடுக்கும் இமாட்டினிப் மருந்து 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

நிறமூர்த்தத்தின் ஒரு துண்டு அறுந்து திரும்பி ஒட்டிக்கொள்ளும் தலைகீழாதலுக்குப் புதிய சிவப்பு ஓலைகள் இரண்டில் அ முதல் ஊ வரை பேனாவால் எழுதுங்கள். ஒன்றில் இ, ஈ, உ உள்ள பகுதியை வெட்டித் திருப்பி ஒட்டுங்கள். எழுத்தொன்றும் குறையவில்லை. வெட்டு ஒரு பரம்பரையலகின் நடுவே விழுந்தால் மட்டும் அது பழுதாகும்; குருதி எளிதில் உறையாத கடுமையான ஹீமோபிலியா ஏ நோயாளரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் காரணம் இத்தகைய திருப்பமே. ஒடுக்கற்பிரிவில் சோடிசேர்வதுபோல இரண்டையும் எழுத்துக்கு எழுத்து நேராக வைக்கச் சொன்னால் ஓலையை வளையமாக மடிக்காமல் முடியாது. அவ்வளையத்துள் சோடிகள் துண்டு மாற்றிக்கொள்ளும் குறுக்குப்பரிமாற்றம் நடந்தால், மாறிய துண்டைப் பெறும் புணரிகள் பெரும்பாலும் பழுதானவை. ஆதலால் இ, ஈ, உ மூன்றும் பிரியாமல் ஒரே கட்டாகத் தலைமுறை தலைமுறையாகச் செல்லும். சூழலுக்கு ஏற்ற இயல்புகள் அக்கட்டில் சேர்ந்துவிட்டால் அவை கலைவதில்லை. கூர்ப்பில் (பரிணாமத்தில்) தலைகீழாதலுக்கு இவ்வளவு இடம் கிடைத்தது அதனால்தான்.

இறுதியாக நூல் கட்டிய புதிய பச்சை ஓலைகள் இரண்டை, நூல்களை அவிழ்க்காமல், நுனிக்கு நுனி ஒட்டுங்கள். சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியவற்றுக்கு 48 நிறமூர்த்தங்கள். நமது மூதாதையரில் இரண்டு இவ்வாறு இணைந்து மனிதரின் 2ஆம் நிறமூர்த்தமாயின. நுனிகளில் மட்டும் இருக்கவேண்டிய டீ-டீ-ஏ-ஜீ-ஜீ-ஜீ என்ற டீஎன்ஏ வரிசை இதன் நடுவே, எதிரெதிராக, இன்றும் கிடக்கின்றது. மையப்பாத்து இரண்டு இயங்கினால் கலம் பிரியும்போது நிறமூர்த்தம் இருபுறமும் இழுபட்டு அறுந்துவிடும். ஆகவே ஒரு நூலை அவிழ்த்துவிடுங்கள். ஈர ஓலையில் அந்த நூல் பதிந்த தடம் எஞ்சியிருக்கும். 2ஆம் நிறமூர்த்தத்தின் நீண்ட புயத்திலும் செயலிழந்த மையப்பாத்தின் தடம் அப்படித்தான் இருக்கின்றது.