மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பிஎச்டி: முதல் வருஷத் தப்புக்கு நாலாவது வருஷம் தான் பில்லு வரும்

போன மாசம் ஒரு ஜூனியர் பையன் போன் பண்ணான். "அண்ணா, பிஎச்டி ரெஜிஸ்டர் பண்ணிட்டேன், நல்ல டாபிக்கா ஒண்ணு சொல்லுங்க"ன்னான். சிரிப்பும் வந்துச்சு, பாவமாவும் இருந்துச்சு, ஏன்னா நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன். டாபிக்க யாராவது குடுப்பாங்க, லேப்ல மெஷின் இருக்கு, ஓட்டி ரீடிங் எடுத்தா தீசிஸ் ஆயிடும்னு ஒரு நெனப்பு. எல்லா தப்புக்கும் அம்மா இந்த நெனப்பு தான்.

நம்ம ஊர் மெக்கானிக்கல் டிபார்ட்மென்ட் ஆராய்ச்சி லேப் நிறைய எடத்துல ஒரு கிர்லோஸ்கர் டிவி1 இன்ஜின் நிக்கும், பாத்திருப்பீங்க. ஒத்த சிலிண்டர், 5.2 கிலோவாட், 1500 ஆர்பிஎம், கம்ப்ரெஷன் ரேஷியோ 17.5, பக்கத்துல இன்ஜினுக்கு லோடு குடுக்குற ஒரு எடி கரண்ட் டைனமோமீட்டர். "இது இருக்கு, இதுல என்ன பண்ணலாம்"னு யோசிக்க ஆரம்பிச்சா நேரா பயோடீசல்ல தான் போய் நிப்பீங்க. சீனியர் புங்க எண்ணெய் பண்ணிட்டாரு, நீங்க இலுப்பை, உங்க ஜூனியர் காட்டாமணக்கு, அவனுக்கு அடுத்தவன் அதுலயே நானோ பார்ட்டிகிள் போட்டு கலக்குவான். ரிசல்ட் என்ன வரும்னு இன்ஜின ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே சொல்லிடலாம்: பயோடீசலோட எடையில சுமார் பத்து பதினோரு சதவீதம் ஆக்சிஜன், அதனால புகை குறையும், ஹீட்டிங் வேல்யூ கம்மி, அதனால ஃப்யூவல் கொஞ்சம் கூட குடிக்கும், எக்ஸாஸ்ட்ல வர்ற நைட்ரஜன் ஆக்சைடு, அதான் நாக்ஸ், பெரும்பாலும் லேசா ஏறும். விடை தெரிஞ்ச கேள்விக்கு நாலு வருஷம் எதுக்கு?

அதே இன்ஜின்லயே நல்ல கேள்வி கேக்க முடியாதுன்னு சொல்லல. நாக்ஸ் ஏன் ஏறுதுன்னு கேளுங்க. ஆக்சிஜனாலயா, இல்ல பயோடீசலோட பல்க் மாடுலஸ் (அமுக்கினா சுருங்காம எதிர்க்கிற தன்மை) கூட இருக்கறதால மெக்கானிக்கல் பம்ப்ல இன்ஜெக்ஷன் கொஞ்சம் முன்னாடியே நடந்துடுதே, அதனாலயா? இதை பிரிச்சு காட்ட ஒரே ஒரு எண்ணெய் போதும். கூடவே இன்னொண்ணு, 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 புகை விதி வந்ததுக்கு அப்புறம் விக்கிற டீசல் கார் எல்லாம் காமன் ரெயில், அதுல இன்ஜெக்டர் ஊசிய எப்ப திறக்கணும்னு ஈசியுங்கிற இன்ஜின் கம்ப்யூட்டர் முடிவு பண்ணும், பம்ப் இல்ல. அப்ப டிவி1ல பாத்த ரிசல்ட்ட அப்படியே "வாகனங்களுக்கு உகந்தது"ன்னு கன்க்ளூஷன்ல எழுதினா வெளி எக்ஸாமினர் விடுவாரா?

அடுத்தது அளவு. பியூரெட்ல 10 சிசி ஃப்யூவல் இறங்க எவ்ளோ நேரம்னு ஸ்டாப்வாட்ச்ல பாக்குறோம் இல்ல, ஃபுல் லோடுல அது ஏறக்குறைய இருபது செகண்ட். ஆரம்பத்துல ஒரு தடவ, முடிவுல ஒரு தடவ கை அழுத்துறோம், அதுலயே கால் செகண்ட் தாராளமா போகும். அதாவது ஒரு சதவீதத்துக்கு மேல. இப்படி அளந்துட்டு தெர்மல் எஃபிஷியன்சி 30.1ல இருந்து 30.3 ஆச்சு, சூப்பர்னு எழுதுறாங்க. அது எண்ணெயோட வேலை இல்லீங்க, உங்க கட்டைவிரலோட வேலை. சூடு அளக்குற தெர்மோகப்பிளும் அப்படித்தான், சாதா கே டைப்புக்கு ஸ்டாண்டர்டே 2.2 டிகிரியோ 0.75 சதவீதமோ, எது பெருசோ அவ்ளோ பிழை இருக்கலாம்னு ஒத்துக்குது. எக்ஸாஸ்ட் டெம்பரேச்சர்ல ரெண்டு டிகிரி வித்தியாசத்துக்கு ஒரு பாரா விளக்கம் எழுதுறதுக்கு முன்னாடி இதை பாத்துக்கோங்க. அன்சர்ட்டன்ட்டி (அளவுல எவ்ளோ பிழை இருக்கலாம்ங்கிற) கணக்க தீசிஸ் கடைசில அப்பெண்டிக்ஸ்ல ஒட்டுறத விட்டுட்டு, சென்சார் வாங்குறதுக்கு முன்னாடியே போட்டு பாத்தா, எந்த ரீடிங்க எதிர்பாக்கலாம் எத எதிர்பாக்கவே கூடாதுன்னு தெரிஞ்சிடும்.

மெஷினிங், கம்போசிட் பக்கம் போனவங்களுக்கு வேற ஒரு வியாதி, டாகுச்சி எல்9, அதாவது எல்லா காம்பினேஷனையும் ஓட்டாம சிலத மட்டும் ஓட்டுற பரிசோதனை அட்டவணை. ஒம்பது டிரையல்ல வேல முடியும்ல, அதான் எல்லாருக்கும் புடிக்கும். ஆனா ஸ்பீடு, ஃபீடு, டெப்த், இன்னொண்ணுன்னு நாலு ஃபேக்டர் மூணு லெவல் போட்டா ஒரு ஃபேக்டருக்கு ரெண்டு டிகிரி ஆஃப் ஃப்ரீடம் (தனித்தனியா கணக்கு போட கிடைக்கிற தகவல்), நாலுக்கு எட்டு, ஒம்பது டிரையல்ல மொத்தமே எட்டு தான். எரருக்கு மிச்சம் சைபர். அதுல அனோவா (எந்த ஃபேக்டருக்கு எவ்ளோ பங்குன்னு பிரிக்கிற கணக்கு) போட்டு, ஃபேக்டரோட பாதிப்பு எரர விட எத்தன மடங்குன்னு சொல்ற எஃப் வேல்யூ கண்டுபுடிக்கணும்னா, சின்னதா வந்த ஃபேக்டர எரர்னு சேத்து விட்டா தான் வரும், சேத்து விட்டதையும் பேப்பர்ல சொல்ல மாட்டாங்க. ஸ்பீடும் ஃபீடும் ஒண்ணோட ஒண்ணு சேந்து என்ன பண்ணுதுன்னும் தெரியாது. ஒவ்வொரு டிரையலையும் மூணு தடவ ரிப்பீட் பண்ணுங்க, வரிசைய மாத்தி மாத்தி ஓட்டுங்க, இல்ல ஃபேக்டர குறைங்க.

சிமுலேஷன் ஆளுங்க தப்பிச்சோம்னு நெனைக்க வேணாம். வெஹிக்கிள் ஏரோடைனமிக்ஸ்ல எல்லாரும் முதல்ல தொடுறது அகமது பாடி, 1984ல வந்த பேப்பர், 1044 மில்லிமீட்டர் நீளத்துல கார் மாதிரி ஒரு கட்டை, பின்னாடி சரிவு மட்டும் ஆங்கிள் மாத்தலாம். 35 டிகிரில காத்து சரிவ விட்டு முழுசா பிரிஞ்சிடும், காத்தோட கொந்தளிப்ப கணக்கு போடுற சாதாரண டர்புலன்ஸ் மாடலே ஓரளவு புடிச்சிடும். 25 டிகிரில பாதி பிரிஞ்சு திரும்ப ஒட்டும், ரெண்டு ஓரத்துலயும் சுழல் கிளம்பும், கே எப்சிலான் மாதிரி மாடல் எல்லாம் அங்க தான் சொதப்பும். நம்மாளு 35ல சோதனை ரிசல்ட்டோட ஒப்பிட்டு வேலிடேட் பண்ணி "நல்லா மேட்ச் ஆகுது"ன்னு போட்டுட்டு, அதே செட்டப்ப சரிவு கம்மியா இருக்குற ஹேட்ச்பேக்ல ஓட்டுவான். வேலிடேஷன் பண்ணது ஒரு ஃப்ளோ, ரிசல்ட் சொல்றது வேற ஃப்ளோ. மெஷ் (காத்து இருக்குற எடத்த சின்னச் சின்ன செல்லா பிரிக்கிறது) கதையும் அதே தான், மூணு மெஷ்ஷாவது போட்டு ட்ராக் (காத்தோட இழுவை) வேல்யூ எப்படி நகருதுன்னு காட்டணும், "இருபது லட்சம் செல்"னு எண்ணிக்கை சொன்னா போதாது. கலர் கலரா கான்டூர் பாத்து எங்க கைடே முதல்ல மயங்கினாரு, அது வேற கதை.

கம்பெனி டேட்டா பத்தி யாரும் சொல்லித் தர மாட்டாங்க. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் யாரோ தெரிஞ்சவர் வண்டியோட கேன் டேட்டா (வண்டிக்குள்ள இருக்குற கம்ப்யூட்டர்கள் பேசிக்கிற நெட்வொர்க்ல இருந்து எடுத்தது) தரேன்னு சொல்லுவாரு, வாயால தான். மூணு வருஷம் அத வெச்சு மாடல் கட்டிட்டு பப்ளிஷ் பண்ணப் போறப்ப கம்பெனி லீகல் டீம் முடியாதுன்னுடும். தீசிஸ் வேற சோத்கங்காங்கிற ஆன்லைன் தீசிஸ் களஞ்சியத்துல ஏறி எல்லாரும் படிக்கிற மாதிரி ஆயிடும், அத அவங்க ஒத்துக்க மாட்டாங்க. எத வெளியிடலாம் எத கூடாதுன்னு முதல் நாளே எழுத்துல வாங்குங்க. பேட்டன்ட் போடுற ஐடியா இருந்தா ஃபைலிங் முதல்ல, கான்ஃபரன்ஸ் அப்புறம்.

பேப்பர் விஷயம் சுருக்கமா. 2022 யுஜிசி விதி வந்ததுல இருந்து தீசிஸுக்கு முன்னாடி ஜர்னல் பேப்பர் கட்டாயம் இல்ல, ஆனா உங்க யுனிவர்சிட்டி தனியா கேக்கலாம், அந்த ரெகுலேஷன நீங்களே படிங்க, சீனியர் சொன்னத நம்பாதீங்க. நல்ல ஜர்னல்னு யுஜிசி வெச்சிருந்த கேர் லிஸ்ட்டையும் 2025 பிப்ரவரில எடுத்துட்டாங்க, இனி எந்த ஜர்னல் நல்லதுன்னு பாக்குறது உங்க தலைல. பத்து நாள்ல அக்செப்ட் பண்றேன், பணம் கட்டுன்னு மெயில் வந்தா டெலீட். காலக்கணக்கும் போட்டுக்கோங்க, அதே விதில வழக்கமான உச்ச வரம்பு ஆறு வருஷம், ஜேஆர்எஃப் உதவித்தொகை அஞ்சு வருஷத்தோட நின்னுடும், நடுவுல ஒரு சென்சார் வாங்க கொட்டேஷன், கமிட்டி, கையெழுத்துன்னு ஆறு மாசம் போறது சர்வ சாதாரணம்.

என் தப்ப சொல்றேன். சிலிண்டர் பிரஷர் ரீடிங் மூணு மாசம் எடுத்தேன், ஹீட் ரிலீஸ் (ஃப்யூவல் எரிஞ்சு எப்ப எவ்ளோ சூடு விடுதுங்கிற) கிராஃப் எல்லாம் அவ்ளோ அழகா வந்துச்சு, சந்தேகமே வரல. டிசி (டாக்டோரல் கமிட்டி) மீட்டிங்ல ஒரு மேடம், "இருக்கட்டும்பா, மோட்டரிங் கர்வ் காட்டு"ன்னாங்க. அதாவது எரிப்பே இல்லாம இன்ஜின் சும்மா சுத்துறப்ப வர்ற பிரஷர். எடி கரண்ட் டைனமோமீட்டர் லோடு தான் குடுக்கும், இன்ஜின சுத்தி விடாது, அதனால ஓடிட்டு இருக்கறப்பவே ஃப்யூவல கட் பண்ணி முதல் சில சைக்கிள புடிக்கணும். நான் பிடிச்சு வெச்சிருந்தேன், திறந்து பாத்ததே இல்ல. ப்ரொஜெக்டர்ல போட்டா பீக் பிரஷர் டிடிசி (பிஸ்டன் உச்சிக்கு வர்ற இடம்) தாண்டி நிக்குது. சூடு சுவர்ல போறதாலயும் கேஸ் கசியறதாலயும் அது டிடிசிக்கு துளி முன்னாடி தான் வரணும், தாண்டி வரவே முடியாது. கிராங்க் ஆங்கிள் அளக்குற என்கோடர் ஒரு டிகிரிக்கு மேல தள்ளி மாட்டியிருந்துச்சு. அந்த ஒரு டிகிரில ஐஎம்இபி (ஒரு சைக்கிள்ல பிஸ்டன தள்ளுற சராசரி பிரஷர்), ஹீட் ரிலீஸ் எல்லாமே போச்சு. மேடம் ஒண்ணும் திட்டல, "திரும்ப எடுத்துடு"ன்னாங்க, அவ்ளோ தான். அடுத்த நாள் காலைல லேப் அட்டெண்டர் அண்ணன் இன்னொரு கேன் டீசல் வாங்க இண்டென்ட் போடச் சொன்னாரு.