புளியங்கொட்டைக் கிடை: கால்நடை மருத்துவ மாணவர்களுக்கு ஓர் அமைப்புச் சிந்தனை விளையாட்டு

ஆட்டுக்கொல்லி நோய் எதனால் வருகிறது என்று கேட்டால், எந்தக் கால்நடை மருத்துவ மாணவரும் வைரஸ் என்று சொல்லிவிடுவார். அந்த வைரஸ் மானூர்ப் பக்கத்துக் கிடையிலிருந்து (உரத்துக்காக வயலில் இரவில் அடைத்துவைக்கும் ஆட்டு மந்தை) தாமிரபரணிக் கரை வயலுக்கு எப்படி வந்தது என்று கேட்டால்தான் திணறல். சந்தை விலை, கிடைக்கூலி, தடுப்பூசி போட்ட தேதி எல்லாம் அந்தப் பதிலுக்குள் இருக்கின்றன. இவற்றைச் சேர்த்துப் பார்ப்பதே அமைப்புச் சிந்தனை. விரிவுரையில் சொன்னால் இது மனதில் நிற்பதில்லை, விளையாடினால் நிற்கும். சரக்கு விநியோகத்தைக் கற்பிக்க அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் உருவான பீர் விளையாட்டு பல பத்தாண்டுகளாக இதைத்தான் செய்துவருகிறது.

படி 1: பொருட்கள். ஒரு சார்ட் தாள், நான்கு தட்டுகள், கொஞ்சம் காகிதப் பணம், இருநூறு புளியங்கொட்டை. கொட்டைகளில் கால்வாசியை ஒருபக்கம் மட்டும் வெள்ளை தெரியும்வரை தரையில் தேயுங்கள். தாயம் ஆடியவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தேய்க்காதது நல்ல ஆடு. தேய்த்தது வெள்ளை மேலே இருந்தால் நோய் தெரியும் ஆடு. வெள்ளை கீழே இருந்தால் நோய் உள்ளே இருந்தும் வெளியே தெரியாத ஆடு. இந்த நோய்க்கு அறிகுறி தெரியப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு நாள் ஆகும். அந்த இடைவெளிதான் விளையாட்டின் உயிர். அதனால் கொட்டையைப் புரட்டிப் பார்க்க யாருக்கும் அனுமதி இல்லை.

படி 2: ஆட்கள். மூன்று கீதாரிகள் (மந்தையை நடத்தும் ஆட்டுக்காரர்கள்), ஓர் ஆட்டு வியாபாரி, ஒரு மருத்துவர், நடத்துபவராக நீங்கள். பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்த வயல்களைத் தாளில் வரைந்து, மேலப்பாளையம் சந்தையை நடுவில் வையுங்கள். கீதாரிக்கு முப்பது கொட்டை, வியாபாரிக்குப் பத்து. வெள்ளை கீழே இருக்கும் ஒன்றே ஒன்றை வியாபாரியின் தட்டில் கலந்துவிடுங்கள்.

படி 3: ஆட்டம். ஒரு சுற்று ஒரு வாரம். கீதாரி இருந்த வயலிலேயே இருக்கலாம், கூலிக்கு அடுத்த வயலில் கிடை போடலாம், விற்கலாம், வாங்கலாம். வார முடிவில் தட்டுகளை வாங்கி, யாரும் பார்க்காமல் மாற்றுங்கள்: போன வாரம் மறைந்திருந்த வெள்ளை மேலே வரும், ஏற்கெனவே மேலே இருந்தவற்றில் பாதி சாகும், நோய் இருக்கும் தட்டிலும் அதனுடன் ஒரே வயலில் கிடந்த தட்டிலும் இரண்டிரண்டு நல்ல கொட்டைகளை எடுத்துவிட்டு, வெள்ளை கீழே இருக்கும்படி தேய்த்தவற்றை வையுங்கள். மருத்துவரிடம் வாரத்துக்குப் பதினைந்து தடுப்பூசி; பலன் இரண்டு வாரம் கழித்துத்தான். தடுப்பூசி பலித்த கொட்டைக்கு ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வையுங்கள், அதற்கு இனி நோய் இல்லை.

ஒரு விதியை மட்டும் விட்டுவிடாதீர்கள்: எந்தத் தட்டிலாவது வெள்ளை தெரிந்தால் சந்தை விலை பாதியாகும். உடனே மேசையில் குரல் எழும்: "அண்ணாச்சி, இன்னும் விலை இறங்கும், இப்பமே வித்துருங்க." விற்ற ஆடு வியாபாரியின் தட்டில் கலந்து அடுத்த கிடைக்குப் போகும், அங்கேயும் வெள்ளை தெரியும், விலை இன்னும் இறங்கும். பின்னூட்டச் சுழற்சி என்பது இதுதான். இந்த நேரத்தில் விளக்கம் சொல்லாமல் இருங்கள்.

படி 4: பேச்சு. ஆடிய நேரத்துக்குச் சமமான நேரம் இதற்கு வேண்டும். இதைக் குறைத்தால் மிஞ்சுவது பொழுதுபோக்குதான். "யார் தப்பு?" என்று கேட்காதீர்கள். "விற்றபோது உங்களுக்கு என்ன தெரிந்திருந்தது?" என்று கேளுங்கள். எல்லோரும் தங்கள் அளவில் நியாயமாகவே நடந்திருப்பார்கள், நோய் அப்படியும் பரவியிருக்கும். விலை, அவசர விற்பனை, கலப்பு, நோய் நான்கையும் பலகையில் அம்புகளால் அவர்களே இணைக்கட்டும்.

படி 5: மறு ஆட்டம். ஒரே ஒரு விதியை மாற்றி ஆடுங்கள். அறுவடைக்கு முன்பே தடுப்பூசி போடுவது, அல்லது வாங்கிய ஆட்டை இரண்டு வாரம் தனித்தட்டில் வைப்பது. எதை மாற்றுவது என்று மாணவர்களே முடிவு செய்யட்டும். எத்தனை ஆடு பிழைக்கும் என்ற கணிப்பைத் தொடங்கும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.