பெங்களூரில் கணிதம் படிக்கச் சேருமுன்

மைசூர் ரோட்டில் இருக்கும் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பி.மேத் (கணித இளநிலைப் பட்டம்) சேர நுழைவுத் தேர்வு இரண்டு தாள். முதல் தாளில் கொள்குறி வினாக்கள். இரண்டாவதில் நிரூபித்து எழுத வேண்டும். பிளஸ் டூ சென்டம் கைகொடுக்காமல் போவது அங்கேதான்.

சேர்ந்ததும் பலர் தடுக்கி விழுவது ரியல் அனாலிசிஸில், அதாவது கால்குலஸை நிரூபணங்களோடு படிக்கும் பாடத்தில். வர்க்கச் சார்பு x², x = 2-இல் தொடர்ச்சியானது, அதாவது x 2-ஐ நெருங்கினால் x² 4-ஐ நெருங்கும் என்று காட்ட வேண்டுமா? x² 4-இலிருந்து எவ்வளவு விலகலாம் என்பது எப்சிலான்; அதற்கு x 2-இலிருந்து எவ்வளவு விலகலாம் என்பது டெல்டா. எப்சிலானைப் பார்த்துத்தான் டெல்டாவைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: 1, எப்சிலானில் ஐந்தில் ஒரு பங்கு, இரண்டில் சிறியது. அந்த 1 எதற்கு? x-ஐ 3-க்குக் கீழே கட்டிப்போட. அப்போதுதான் x² − 4 = (x − 2)(x + 2) என்பதில் x + 2 என்ற காரணி 5-ஐத் தாண்டாது. இது புரியாமல் மனப்பாடம் செய்தால் கனச் சார்பு வந்ததும் மாட்டிக்கொள்வீர்கள்.

ஆக்சுவரி (காப்பீடு, ஓய்வூதியம் போன்றவற்றின் நிதி அபாயத்தைக் கணக்கிடுபவர்) ஆக ஆசை என்றால் அதற்கான நுழைவுத் தேர்வான ஏசெட்டைப் பிளஸ் டூ முடித்ததும் எழுதலாம். அடுத்து சிஎஸ்1 என்ற புள்ளியியல் தேர்வு, அதன் இரண்டாம் தாள் கணினியில், ஆர் (R) என்ற நிரல் மொழியில். கையால் கணக்குப் போட்டே பழகியவர்கள் இதற்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள்.